அவர் கேட்டது இழுவை, நான் கொடுத்தது வேகம்

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஐப்பசி மாதம். கோவில்பட்டியில் எனக்கு ஒரு சின்ன கார் ஒர்க்‌ஷாப். அந்த வாரம் ஒருநாளும் சரியாக உட்கார்ந்து சாப்பிடவில்லை, இடுப்பு விட்டுப்போயிருந்தது. புதூர்ப் பக்கம் ஆடு வளர்க்கிற ஒருவர், பழைய பெட்ரோல் காருக்கு டைமிங் பெல்ட் மாற்றக் கொண்டுவந்தார்.

"எப்படியும் பிரிக்கீங்க, கொஞ்சம் இழுவையைக் கூட்டிக் குடுங்க அண்ணாச்சி" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

என் அலமாரியில் அந்த இன்ஜினுக்குப் பொருந்துகிற ரேஸ் கேம்ஷாஃப்ட் ஒன்று கிடந்தது. வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டு அது; சாதாரணத் தண்டைவிடக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும். இன்ஜின் வேகமாகச் சுற்றினால் வண்டி பறக்கும். மெதுவாகச் சுற்றினால் தடுமாறும். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அதை மாட்டிப் பார்க்க ரொம்ப நாளாக ஆசை. அதையே மாட்டி, டைமிங் குறிகளைச் சேர்த்து, கையாலேயே இரண்டு சுற்று சுற்றிப் பார்த்து, பெல்ட்டைப் பூட்டினேன். நாலுவழிச் சாலையில் ஓட்டிக் காட்டியபோது அவரைவிட எனக்குத்தான் சந்தோஷம்.

பத்து நாள் கழித்து, மழை வெறித்த ஒரு மத்தியானம், முழங்கால்வரை கரிசல் சேற்றோடு வந்து நின்றார். அவருடைய அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். அதற்காகத்தான் அந்தக் காரையே வாங்கியிருக்கிறார். ஊரிலிருந்து தார் ரோட்டுக்கு வர இரண்டு கிலோமீட்டர் மண்பாதை.

"மெதுவாப் போனா ஆஃப் ஆயிருது, மிதிச்சா சக்கரம் சுத்திப் பொதையுது. அம்மையைத் தோள்ல தூக்கிட்டுத்தான் ரோட்டுக்கு வந்தேன். மூச்சு வாங்கிப்போச்சு அவியளுக்கு. இப்பதான் ஆஸ்பத்திரில சேத்துட்டு வாரேன்" என்றவர், தயங்கித் தயங்கிக் கேட்டார். "நான்தான் ஓட்டத் தெரியாம ஓட்டுதேனோ அண்ணாச்சி?"

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் நம்பிப் போயிருப்பார். இருந்த அலுப்பில் எனக்கும் ஒரு நொடி அப்படித் தோன்றியது. பிறகு உண்மையைச் சொன்னேன்.

"வியாழக்கிழமை டயாலிசிஸுக்கு அம்மையைத் திரும்பக் கூட்டியாரணும். அதுக்குள்ள சரி பண்ணிருங்க" என்றார்.

டிராக்டர் வைத்துக் காரை இழுத்து வந்து, பழைய கேம்ஷாஃப்ட்டையே மாட்டினேன். வியாழக்கிழமை நானும் அவர்களோடு காரில் ஏறிக்கொண்டேன். முதல் கியரில், ஆள் நடக்கிற வேகத்தில், வண்டி அந்தச் சேற்றை மெல்லக் கடந்தது. பின்சீட்டில் இருந்த அம்மா அலுத்துக் களைத்திருந்த என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். "உனக்கும் ரத்தம் சுத்தம் பண்ணணுமாய்யா?" என்று கேட்டார்.

இப்போதும் யாராவது பவர் கூட்டித் தரச் சொன்னால், எந்தப் பாதையில் ஓட்டுகிறார்கள், யாரை ஏற்றிப் போகிறார்கள் என்று முதலில் விசாரிக்கிறேன். அதைக்கூடக் கேட்கத் தெம்பில்லாத நாட்களில், என் தவறுக்குத் தன்னையே சந்தேகப்பட்ட அந்த மனிதரின் முகம் வந்து என்னைக் கேட்க வைத்துவிடுகிறது.