நான் உரித்த அம்பு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் என் அம்மாவுக்குச் செக்கிங் வேலை. துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ கண்டால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவார். பழுது சரியாகித் திரும்பி வந்ததும், ஒட்டியவரே பார்த்து உரிக்க வேண்டும். வேறு யாரும் கை வைக்கக் கூடாது.

எங்கள் காம்பவுண்டின் கடைசி வீட்டில் ஓவர்லாக் டெய்லர் ஒருவர் குடியிருந்தார். வடநாட்டுக்காரர். நான் அண்ணா என்று கூப்பிடுவேன். தமிழ்ப் பாட்டுகளை இந்தி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, ஞாயிறு ஆராதனையில் எங்கள் சபையில் எல்லோரையும் விட உரக்கப் பாடுவார். தங்கையின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. அங்கே தன் வீட்டில் நாலு பேரைக் கூட்டி ஜெபம் செய்ததற்காக அவரைச் சிறையில் அடைத்துவிட்டார்கள் என்று போன் வந்தது.

அன்று அம்மா சுவரில் இருந்த இந்தியா மேப்பில், அவருடைய ஊர்ப்பக்கம் ஓர் அம்பு ஸ்டிக்கரை ஒட்டினார். "இது சரியாகற வரைக்கும், சோத்துல கை வெக்கறதுக்கு முன்னால ஜெபம் பண்ணோணும் கண்ணு" என்றார்.

பிள்ளைகளே, முதல் வாரம் நான் அழுதே ஜெபித்தேன். இரண்டாம் மாதம் ஒரு கண்ணால் சோற்றைப் பார்த்துக்கொண்டு ஜெபித்தேன். அம்மா அண்ணனில் தொடங்கி, சிறைக் காவலர், நீதிபதி, நீதிபதியின் பிள்ளைகள் வரை போவார். அதற்குள் ரசம் ஆறிவிடும்.

ஒரு சனிக்கிழமை அம்மாவுக்கு விடிய விடிய வேலை. அப்பா பரோட்டா வாங்கப் போயிருந்தார். சூடான பரோட்டாவை நினைத்தேன். நாற்காலியில் ஏறி ஸ்டிக்கரை உரித்து ஜன்னலுக்கு வெளியே ஊதிவிட்டேன்.

வந்ததும் அப்பாவின் கண் மேப்புக்குப் போனது. அம்மாவைத் தவிர யார் உரிப்பார்? "பாரு, வுட்டுட்டாங்க போல. உங்கம்மா ஒரு வார்த்த சொல்லாம வேலைக்குப் போயிட்டா" என்றவர், பொட்டலத்தைக்கூடப் பிரிக்காமல் பாஸ்டர் ஐயாவுக்குப் போன் போட்டார். பரோட்டா ஆறித்தான் போயிற்று.

மறுநாள் பாஸ்டர் ஐயா அண்ணனின் விடுதலையை அறிவித்தார். சபையே எழுந்து கைதட்டியது. தலையில் நூல் பிசிரோடு கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்த அம்மா, ஒன்றும் புரியாமலேயே அழுதுகொண்டு ஸ்தோத்திரம் சொன்னார். எனக்கு மட்டும்தான் தெரியும். அண்ணன் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். இனி அவருக்காக ஜெபிக்க ஒருவரும் இல்லை.

அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். "நாந்தானுங்மா உரிச்சேன்."

அம்மா அடிக்கவில்லை. என்னை முன்னால் கூட்டிப்போய் எல்லோரிடமும் சொல்லச் சொன்னார். சொன்னேன். கைதட்டல் அப்படியே நின்றது. அப்பா தரையைப் பார்த்தார்.

திருநெல்வேலிக்கார அக்கா ஒருவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஏல, சொன்ன ஸ்தோத்திரத்த திரும்ப வாங்கிக்கிட முடியுமா? அவரு வெளிய வார வரைக்கும் முழங்கால்ல நிக்க வேண்டியதுதான்."

சபை சிரித்தது. சிரித்தபடியே முழங்காலில் நின்றது. மதியம் வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அன்று நான் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டேன்.

மூன்றாவது ஞாயிறு, பாட்டின் நடுவே பின்னாலிருந்து ஒரு குரல் எங்களை மீறிக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தோம். மெலிந்து, மொட்டைத் தலையோடு, கையில் பயணப் பையோடு அண்ணன் வாசலில் நின்று பாடிக்கொண்டிருந்தார். பாட்டு நிற்கவில்லை, இன்னும் பெரிதாயிற்று. என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அவ்வளவு உயரத்திலிருந்து சபையை நான் பார்த்ததே இல்லை. பாஸ்டர் ஐயாகூடக் குதித்துக்கொண்டிருந்தார்.

ஒரு மாதம் கழித்து அண்ணன் ஊருக்கு டிக்கெட் எடுத்தார். எனக்குக் கோபம் வந்தது.

"அங்க போனா மறுக்காவும் புடிச்சுக்குவாங்கல்லங்ணா?"

அவர் தன் தமிழில் சொன்னார்: "ஜெயில் உள்ளே ரெண்டு பேர் என் பாட்டு கேட்டாங்க தம்பி. அவங்க வெளியே வந்து தேடினா, நான் அங்கே வீட்ல இருக்கணும்."

ரயில் கிளம்பியபோது அவர் ஜன்னலோரம் பாடிக்கொண்டு போனார். கல்யாணத்துக்கு வழியனுப்புவதுபோல் அம்மாவும் அப்பாவும் சிரித்துக் கையசைத்தார்கள். நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவரைத் திருப்பூருக்குக் கொண்டுவரத்தான் அத்தனை நாள் ஜெபித்தோம் என்றுதான் அப்போது நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.