படித்ததாகக் கொள்ளப்பட்டது

துறைமுகமும் அலைத்தடுப்புச் சுவரும் கட்டுகிற இஞ்சினியர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அதன் ஆபீஸ் ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில் ஒரு வீட்டின் முன்னறையில் இருந்தது என்று சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கௌரவச் செயலாளர் எங்கே குடியிருக்கிறாரோ அங்கேதான் ஆபீஸ் என்று விதியில் எழுதி வைத்திருந்தார்கள். எங்கள் செயலாளர் ஓய்வு பெற்றதும் பெருமாள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஸ்ரீரங்கத்துக்கு வந்துவிட்டார். அவர் பின்னாலேயே சங்கமும் ஒரு பீரோ, ஒரு டைப்ரைட்டர், ஒரு ரப்பர் ஸ்டாம்பாக வந்து சேர்ந்தது.

திருவெறும்பூர்ப் பக்கம் பெரிய தொழிற்சாலை வருகிறது என்று ஊரெல்லாம் இஞ்சினியர் பேச்சாக இருந்த காலம் அது. நான் பாலக்கரையிலிருந்து தினமும் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டிப் போவேன். உறுப்பினர் பதிவேடு, சுற்றறிக்கை, கமிட்டிக்குக் கடிதம், ஆண்டுக் கூட்டத்துக்கு ஹால், வருகிறவர்களுக்கு ரூம், கட்டுரைகளை ஸ்டென்சிலில் அடித்து உருட்டி எடுப்பது, கடைசியில் கூட்டத்தில் நடந்ததைக் குறிக்கிற மினிட்ஸ் எழுதுவது வரை எல்லாம் நான்தான். செயலாளர் கையெழுத்துப் போடுவார். எதில் போடுகிறோம் என்று பார்த்துப் போட்டதாக எனக்கு நினைவில்லை.

ஆண்டுக் கூட்டம் எப்போதும் ஸ்ரீரங்கத்தில்தான். நாலு திசை ரயிலும் திருச்சி ஜங்ஷனுக்கு வருவதால் வசதி என்று அறிக்கையில் எழுதுவோம். உண்மைக் காரணம் கோயில். செயலாளர் தயவில் நெரிசல் இல்லாமல் பெருமாளைச் சேவிக்கலாம். அதனால் காலை ஒன்பது மணிக்குத் தொடங்குகிற கூட்டம் பதினோரு மணிக்கு முடிந்தே ஆக வேண்டும். முதல் காரியம், போன வருஷ மினிட்ஸை வாசித்து உறுதிப்படுத்துவது. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "படிச்சதா எடுத்துக்கலாமா?" என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். அவர் கையெழுத்துப் போடுவார். படித்ததாகக் கொள்ளப்பட்டது என்று நான் எழுதிக்கொள்வேன். இப்படி உறுதியான மினிட்ஸில் பிறகு ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது. அதுவும் விதிதான்.

அந்தப் பெரியவர் முதலில் வந்தது ஒரு மாசி மாதம். மருங்காபுரிக்காரர். வானம் பார்த்த அந்தப் பூமியில் கிணறு வெட்டியவர். கிணற்றுக்குள் ஊற்று வந்த பிறகும் மூச்சடக்கி உள்ளே போய்க் கல் பெயர்க்கிற ஆள் என்று பெயர் வாங்கியதால், தெற்கே ஒரு துறைமுகத்தில் டைவராக எடுத்துக்கொண்டார்கள். முப்பது வருஷம் கடலுக்கு அடியில் கான்கிரீட் பாளங்களை அடுக்கியிருக்கிறார். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு, பென்சில் எழுத்து. கூடவே மணப்பாறையில் பஸ் மாறும்போது வாங்கிய ஒரு ஓலைப்பெட்டி முறுக்கு.

"இத இஞ்சினியருங்க கூட்டத்துல படிக்கணும்மா" என்றார்.

நோட்டில் இருந்தது இதுதான். அலைத்தடுப்புச் சுவரின் கடைசி முனை பாறை மேல் நிற்பதாக வரைபடம் சொல்கிறது. அங்கே பாறை இல்லை, மணல். ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் எந்தப் பாளத்துக்கு அடியில் எத்தனை முழம் மணல் போயிருந்தது என்று வருஷவாரியாக எழுதியிருந்தார். எனக்குப் புரியாதபோது மேஜை விளிம்புக்கு அடியில் கையை விட்டுக் காட்டினார். "இப்படிக் கைய விட்டேன்னா முழங்கை வரைக்கும் உள்ள போச்சு. கல்லு சும்மா உக்காந்திருக்கும்மா, எப்ப வேணாலும் நழுவும்."

ஒரு நாள் நழுவியது. அடியில் இருந்தது அவரோடு கூட முக்குளித்த தங்கை புருஷன். இறங்கலாம் என்று மேலே மணி அடிப்பதற்கு முன்னால் இறங்கிவிட்டான், அஜாக்கிரதை என்று விசாரணையில் எழுதி மூடிவிட்டார்கள். ஊரில் அது அப்படியே நிற்கவில்லை. குடித்துவிட்டு இறங்கினான் என்று ஆகிவிட்டது. குடிகாரன் பெண்டாட்டி என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டே அவர் தங்கை இரண்டு பெண்களை வளர்த்திருக்கிறாள். நோட்டின் கடைசிப் பக்கம் அந்த மச்சானைப் பற்றியது. "மத்ததெல்லாம் அவங்களுக்கும்மா. இந்தக் கடைசிப் பக்கம் மட்டும் எனக்கு" என்றார்.

மூன்று வாரம் உட்கார்ந்து அதை ஆங்கிலத்தில் ஆக்கினேன். கடலையே பார்த்திராதவள் நான். ஆனாலும் படித்து முடித்தபோது அந்த மணல் என் விரலுக்கு அடியில் போவது போலத்தான் இருந்தது.

உறுப்பினர் மட்டுமே கட்டுரை வாசிக்கலாம். ஆகவே பெரியவருக்கு உறுப்பினர் விண்ணப்பம் போட்டேன். கமிட்டி கூடியது. ஐந்து பேர். விண்ணப்பத்தில் தகுதி என்ற இடத்தில் அவர் சொன்னபடியே, கிணறு வெட்டுதல், முக்குளித்தல் என்று நிரப்பியிருந்தேன். அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு எனக்கு மறக்காது. அவர் கொண்டுவந்த முறுக்கைக் காபிக்குத் தொட்டுக்கொள்ள நான்தான் தட்டில் வைத்திருந்தேன். முறுக்கைக் கடித்துக்கொண்டே, பட்டம் இல்லாதவரைச் சேர்த்தால் சங்கத்தின் தரம் என்னாகும் என்று பேசினார்கள். ஒருவர் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார், முறுக்கை.

விண்ணப்பத்தைத் தள்ளினார்கள், கட்டுரையை மட்டும் விடவில்லை. அது நல்ல கட்டுரை என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டது. செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "என் பேர்ல போட்டுடும்மா. கீழே ஒரு டைவர் தகவல் கொடுத்தார்னு சின்னதா நன்றி போட்டாப் போறும்" என்றார்.

"கடைசிப் பக்கம் சார்?"

"அது அழுகைக் கதையோன்னோ? இஞ்சினியரிங் இல்லையே. எடுத்துடு."

எடுத்தேன். கட்டுரைக்கு மேலே செயலாளர் பெயரை என் கையாலேயே டைப் அடித்தேன். அந்த ஐந்து பேர் மேல் எனக்கு எத்தனை ஆத்திரமோ அத்தனை ஆத்திரம் என் மேலும் உண்டு. முடியாது சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலை போயிருக்கும், அவ்வளவுதான். சொல்லவில்லை. கூட்டத்தில் செயலாளர் அதை வாசித்தார். கை தட்டினார்கள். பதினோரு மணிக்கெல்லாம் பெருமாள் சேவைக்குக் கிளம்பிவிட்டார்கள்.

பெரியவருக்கு, கட்டுரை நல்லபடியாக வாசிக்கப்பட்டது என்று மட்டும் ஒரு கடிதம் எழுதினேன். யார் பெயரில் என்று எழுதத் துணிச்சல் இல்லை. நாலாம் நாள் ஒரு கார்டு வந்தது. ஒரே வரி. மச்சான் விஷயத்தைப் பற்றி என்ன சொன்னார்கள் அம்மா?

அந்தக் கார்டை வைத்துக்கொண்டு அன்று காலை முழுக்க டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அடிக்க வேண்டியது அந்தக் கூட்டத்தின் மினிட்ஸ். தலைவர் வரவேற்றார், செயலாளர் கட்டுரை வாசித்தார் என்று அடித்துக்கொண்டே வந்த கை, அடுத்த வரியையும் அடித்தது. இக்கட்டுரையின் அவதானிப்புகள் அனைத்தும் இன்னாருடையவை என்றும், இன்ன ஆண்டு அந்தச் சுவரடியில் இறந்தவரின் மரணத்துக்கு மணல் அரிப்பே காரணம், அவருடைய அஜாக்கிரதை அல்ல என்றும் கூட்டம் பதிவு செய்கிறது. பெயர்கள் முழுசாக, ஊரோடு போட்டேன். யாரும் அப்படிப் பேசவில்லை. நானே எழுதினேன். பயத்தில் உள்ளங்கை வேர்த்து ஸ்டென்சிலில் ஒட்டியது.

செயலாளர் கையெழுத்துப் போட்டார். உறுப்பினர் அத்தனை பேருக்கும் தபாலில் அனுப்பினேன். ஒரு வாரம் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடி, கடிதங்களை நானே முதலில் வாங்கிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. ஒரு மாதம், ஆறு மாதம், ஒரு வருஷம். அந்த வரி அத்தனை பெரிய மனிதர்கள் மேஜையிலும் ஒரு வருஷம் கிடந்தது. பயம் போய் எனக்குக் கோபம் வந்தது. ஒருவராவது படித்துவிட்டு, இது என்ன என்று கேட்க மாட்டாரா? ஒரு மனிதன் செத்துப்போனதைப் பற்றி எழுதியிருக்கிறது ஐயா, உங்கள் சங்கத் தாளில்!

அடுத்த ஆண்டுக் கூட்டம். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "படிச்சதா எடுத்துக்கலாமா?" எல்லோரும் தலையாட்டினார்கள். கையெழுத்து விழுந்தது. அவர்கள் கோயிலுக்குப் போன பிறகு, அந்த மினிட்ஸுக்கு உண்மை நகல் என்று ஒன்று அடித்து, சங்கத்தின் ஸ்டாம்பை அழுத்திக் குத்தி, ஒரு தமிழ் மொழிபெயர்ப்பும் வைத்து மருங்காபுரிக்கு அனுப்பினேன்.

பத்து நாள் கழித்துப் பெரியவர் வந்தார். வெள்ளை வேட்டி, சலவைச் சட்டை. கையில் போன தடவையை விடப் பெரிய ஓலைப்பெட்டி.

"தங்கச்சிக்குப் படிச்சுக் காட்டுனேம்மா. ரெண்டாந்தரம் படிக்கச் சொல்லுச்சு. இத யாருண்ணே சொன்னதுன்னு கேட்டுச்சு. பெரிய பெரிய இஞ்சினியருங்க எல்லாம் ஒண்ணாக் கூடி உக்காந்து யோசிச்சுச் சொன்னாங்கன்னு சொன்னேன். நாலு பேரு முன்னாடி ஊர்லயும் படிச்சுட்டோம்."

நாற்காலியை இழுத்துப் போட்டேன், அவர் உட்காரவில்லை.

"என் கட்டுரை யாரு பேர்ல வந்தா என்னம்மா. மனசு உள்ளவங்க. இத அவங்க எல்லாருக்கும் குடுத்துருங்க" என்று பெட்டியை மேஜை மேல் வைத்தார். செயலாளர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப வேண்டாம் என்று சொல்லி, மூடியிருந்த கதவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் கமிட்டி. அன்றைக்கு அவர்களுக்கு வெறும் காபிதான் வைத்தேன். தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லையா என்று ஒருவர் கேட்டார். இல்லை சார் என்றேன். ஓலைப்பெட்டி என் காலடியில், மேஜைக்கு அடியில் இருந்தது.

சாயங்காலம் பஸ்ஸில் மடியில் வைத்துத் திறந்தேன். கண்டக்டருக்கு இரண்டு, பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு நாலு கொடுத்தேன். மீதியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஒரு வாரம் வைத்துத் தின்று தீர்த்தேன், கடைசித் தூள் வரைக்கும். அந்த ஐந்து பேருக்கு ஒரு விள்ளல் கொடுக்கவில்லை.