நர்ஸம்மா நின்ற வாசல்

எங்கள் லைனில் பெண்கள் ஏன் முகாமுக்குப் போகவில்லை என்று கேட்டால் வெளியில் இருப்பவர்கள் பயம் என்பார்கள், வெட்கம் என்பார்கள், படிப்பில்லை என்பார்கள். அதெல்லாம் இருந்தது. ஆனால் எங்களுக்கு முதல் காரணம் நர்ஸம்மாதான். அவர் நல்லவர். அதுவும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஓசூரில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் வரிசையாக ஓரறை வீடுகள். கடைசியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய், எதிரே துணிக்கொடி. என் கணவருக்குக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. நான் விருதுநகர்ப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்த வருடமே, அரசுப் பள்ளிக்கூடத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு முகாம் போட்டார்கள். முப்பது வயது தாண்டியவர்களுக்கு மட்டும். குச்சியால் தொட்டு மாதிரி எடுத்துப் பெங்களூருக்கு அனுப்புவார்கள். ஒன்றும் இல்லையென்றால் யாரும் வர மாட்டார்கள். ஏதாவது இருந்தால் நர்ஸம்மா வீடு தேடி வந்து சொல்வார். போன் எல்லாம் புருஷன்மார் சட்டைப்பையில் இருந்த காலம். பெண்ணிடம் நேரில் சொல்வதுதான் மரியாதை என்று அவர் நினைத்தார்.

அந்த முதல் வருடம் லைனே சிரித்துக்கொண்டு திரண்டு போனது. சில வாரம் கழித்து வெள்ளைக் கோட்டோடு நர்ஸம்மா ஒரு வாசலில் வந்து நின்றார். அது இட்லி மாவு அரைத்து விற்கும் பெண்ணின் வாசல். அவருக்கு இருந்தது வெறும் புண், மாத்திரையில் ஆறிவிட்டது. ஆனால் நர்ஸம்மா வந்துபோன சாயங்காலத்திலிருந்து மாவு விற்கவில்லை. "நேத்து மாவே கெடக்குதுக்கா" என்று சொல்லிவிட்டு எல்லாரும் அவர் வீட்டைத் தாண்டிப் போனார்கள். மழைக்காலம் வருவதற்குள் கிரைண்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பாகலூர்ப் பக்கம் போய்விட்டார்.

இரண்டு வருடம் கழித்து அடுத்த முகாம் வந்தபோது என் மகள் நடக்கத் தொடங்கியிருந்தாள். பால் இன்னும் மறக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கும் வேலை செய்தார். காவேரிப்பட்டினம் பக்கத்து ஊர்க்காரர், வீட்டுக்குள் தெலுங்கு, வெளியில் தமிழ். நான் துணி துவைக்கும்போது மகளை இடுப்பில் வாங்கி வைத்துக்கொள்பவர் அவர்தான். அவர் கொடியில் காயப் போடும் புடவைகளுக்கு அடியில் பழந்துணிகள் இருப்பதை நான் பார்த்தேன். மாதத்தில் ஒரு வாரம் இல்லை, எப்போதும் இருந்தன.

கேட்கலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்துவிட்டுத்தான் கேட்டேன்.

"ஆமா கண்ணு. நிக்கவே மாட்டேங்குது. நாத்தம் வேற" என்றார், காயின் விலை சொல்வது போல.

"முகாமுக்குப் போலாங்க்கா. நானும் கூட வர்றேன்."

"ஒத்தும்மா, ஒத்து. வேணாம். காய் நறுக்கறவளுக்கு அந்த நோவுன்னு காதுல விழுந்தா காண்ட்ராக்டர் மறுநாளே கேட்டுக்குள்ள விட மாட்டான். மாவுக்காரிய பாத்தல்ல?"

"அது தொத்துற நோய் இல்லக்கா."

"உனக்குத் தெரியும். படிச்சவ. சாம்பார் ஊத்தி சாப்புடறவனுக்குத் தெரியுமா?"

அவரே தொடர்ந்து சொன்னார்: "வேணும்னா ஒண்ணு செய்யலாம். என் பேரு இருக்கட்டும். கதவு நம்பர் உன்னுது குடுத்துர்றேன். உனக்கு இன்னும் முப்பதே ஆவல. உன் வாசலுக்கு வந்தா யாரு என்ன நெனப்பாங்க?"

சரி என்றேன். ஒரு உயிர் முன்னால் ஒரு கதவு நம்பர் என்ன பெரிது என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றேன். லைன் பெண்களில் வேறு யாரும் வரவில்லை. வழியில் எங்களைப் பார்த்தவர்கள் மட்டும் இருந்தார்கள்.

நர்ஸம்மா வந்தார். என் வாசலில் நின்று அக்காவின் பெயரை மெதுவாகச் சொன்னார். "இன்னொரு தடவை பார்க்கணும். பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கூட்டிட்டு வாங்க. இப்ப வந்தா குணப்படுத்திரலாம். தள்ளிப் போடாதீங்க." மெதுவாகச் சொன்னதால் பெயர் யாருக்கும் கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டை மட்டும் எல்லாரும் பார்த்தார்கள்.

கம்பெனி பஸ்ஸிலிருந்து அக்கா இறங்கி வந்ததும் குழாயடியில் சொன்னேன். அவர் குடத்தை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க வந்தாங்க?"

"எங்க வீட்டுக்குத்தாங்க்கா. நீங்க சொன்ன மாதிரிதான்."

"என் வூட்டுக்கு வரலியே."

"அக்கா, பேரு உங்க பேரு."

"எனக்கு சேதி வரல கண்ணு" என்று சிரித்தார். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. மறுபடி சொன்னபோது, "அடுத்த வருசம் பாக்கலாம்" என்றார். அதற்கப்புறம் நான் குழாய்க்கு வரும் நேரத்தில் அவர் வருவதை நிறுத்திக்கொண்டார்.

எதிர்வீட்டுப் பெண் தன் மகன் எங்கள் வீட்டுக்குள் ஓடி வந்தால், "டேய், இங்க வா, உதைபடுவ" என்று வாசலிலிருந்தே இழுத்துக்கொள்ள ஆரம்பித்தார். என் கணவருக்கு விஷயம் கம்பெனியிலேயே போய்ச் சேர்ந்திருந்தது.

"நர்ஸு நம்ம வீட்டுக்கு எதுக்கு வந்துச்சு? எங்கிட்ட எதையாவது மறைக்கிறியா?"

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். இருந்தும் கணவர் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை. "பக்கத்து வீட்டம்மாவுக்குன்னா அங்கல்ல போகணும்?" பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "பாப்பாவுக்குப் பால் குடுக்கிறதை நிறுத்திரு" என்றார்.

கோபத்தில் சொல்லவில்லை. பயந்துபோய்ச் சொன்னார். அதனால்தான் என்னால் எதிர்த்துப் பேச முடியவில்லை. மார்பில் வேப்பிலை அரைத்துத் தடவினேன். மகள் வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்து என்னைப் பார்த்தாள். அந்த நாட்களில் எனக்கே சந்தேகம் வந்தது. நர்ஸம்மா சொன்ன பெயரைச் சரியாகத்தான் கேட்டேனா, என்னைத் தொட்டு எடுக்கவே இல்லையே, ஆனாலும் அடிவயிறு ஏன் வலிக்கிறது என்று. படித்தவள்தான் நான்.

மறுவருடம் முகாமே வரவில்லை. அந்தக் கோடையில் அக்கா கேன்டீனில் மயங்கி விழுந்தார். பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள்; முற்றிவிட்டது என்று அங்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவருடைய தம்பி ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். அறையில் ஊதுவத்தி ஏற்றியிருந்தார்கள், அப்படியும் வாடை போகவில்லை. அக்கா பேசச் சிரமப்பட்டார். மகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாப்பா பாலை மறந்துச்சா?" என்று கேட்டார்.

அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒற்றைக் கல் சுவர்தானே.

"மறந்துட்டாக்கா" என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

அவர் இறந்தது வயிற்றுக் கட்டியால் என்றுதான் அவருடைய வீட்டில் சொன்னார்கள். லைனிலும் அப்படியே சொன்னார்கள். ஆக, நர்ஸம்மா வந்த வீடு எங்கள் வீடாகவே நிலைத்துவிட்டது.

நான் வேறு மாதிரி செய்திருக்க வேண்டுமோ என்று இப்போதும் யோசிக்கிறேன். கதவு நம்பரைக் கொடுக்காமல் இருந்திருந்தால் அக்கா முகாமுக்கே வந்திருக்க மாட்டார். கொடுத்ததால், சேதியை என் வாசலிலேயே விட்டுவிட்டுப் போக அவருக்கு ஒரு வழி கிடைத்தது. இரண்டில் எது குறைந்த பாவம் என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கு முப்பது முடிந்த வருடம் திரும்பவும் முகாம் வந்தது. மைக் கட்டிய ஆட்டோ லைனைச் சுற்றிவிட்டுப் போன சாயங்காலம், மகனை இழுத்துக்கொள்ளும் அதே எதிர்வீட்டுப் பெண் என் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"ஏங்க, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? உங்க கதவு நம்பர் குடுத்துக்கட்டுங்களா? உங்க வீட்டுக்குத்தான் ஏற்கெனவே வந்திருக்காங்களே."

சேலையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார். ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. வாய் வரைக்கும் சரி என்று வந்தது.

"உங்க வீட்டு நம்பரையே குடுங்க. நர்ஸம்மா வந்தா நானும் உங்க வாசல்ல வந்து நிக்கிறேன். ஆஸ்பத்திரிக்கும் கூட வர்றேன்."

"சரிங்க, பாக்கறேன்" என்றார்.

முகாம் அன்று என் பெயரையும் என் கதவு நம்பரையும் சொல்லிவிட்டு, வரிசையில் பள்ளிக்கூடக் கேட்டைப் பார்த்தபடியே நின்றேன். என் முறை வந்து, முடிந்து, வெளியே வரும்வரை அவர் வரவில்லை. வீடு திரும்பியபோது கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தார்.

"வலிச்சுதுங்களா?"

"இல்லீங்க. ரெண்டு நிமிசம்தான். இன்னும் ஆளு இருக்காங்க, வாங்க போலாம்."

"அடுத்த வருசம் போறேங்க."

அக்கா சொன்ன அதே வார்த்தை. அவர் உள்ளே போனதும் நான் கொடியருகே நின்றேன். மகளின் யூனிபாரத்தைத் திருப்பிப் போடுவது போல, அவருடைய புடவையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் பழந்துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.