ஆயில் ஃபில்டரில் கிடைத்தவை

கார் பட்டறைக்கு வருகிற எவரும் "ஒண்ணுமில்லண்ணே, சும்மா ஒரு சத்தம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்த ஒண்ணுமில்லாததைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் பிழைப்பு. கல்யாணப் பந்தியில் நகக்கண்ணின் கருப்பு தெரியாமல் விரலை மடக்கிக்கொண்டே சாப்பிட்ட மெக்கானிக் சகோதரர்களே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

சமஸ்தானம் போன பிற்பாடு புதுக்கோட்டையில் பெரிய வீட்டுக் கார்கள் பலவும் கைமாறி டாக்சிகளாகிவிட்டன. வயசான அந்த வண்டிகளில் பாதி, நான் வேலை பார்த்த சுப்பையா அண்ணன் பட்டறைக்குத்தான் வரும். எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் குடுவை இருக்கும். அதற்குள் எண்ணெயை வடிகட்டுகிற சுருள். அதுதான் ஆயில் ஃபில்டர். பழசைக் கழற்றினால் எல்லாரும் குப்பையில் எறிவார்கள். நான் மட்டும் அதைப் பிளேடால் கிழித்து, பெட்ரோலில் அலசி, பீங்கான் தட்டில் பரப்பி வெயிலில் பார்ப்பேன். வெறும் கருப்புக் கசடு என்றால் கவலையில்லை. மினுமினு என்று துகள் தெரிந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது என்று அர்த்தம்.

செம்மண் குழம்பு

டாக்சி ஓட்டுகிற மாணிக்கத்தின் வண்டி புகையாய்க் கக்கியது. ஃபில்டரைக் கிழித்தால் உள்ளே ஒரே செம்மண். குடுமியான்மலைப் பக்கத்து ரோட்டைச் சுரண்டி எடுத்துப் பூசினாற்போல இருந்தது. எண்ணெயில் மண் எப்படி வந்தது? பானெட்டைத் திறந்து பார்த்தால், எஞ்சினுக்குள் போகும் காற்றிலிருந்து தூசியைப் பிடித்து வைக்கிற டப்பாவையே காணோம்.

"மாணிக்கம், இங்கிட்டு ஒரு டப்பா இருந்துச்சே, எங்கய்யா?" என்றேன். டிக்கியைத் திறந்து, துணியில் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்ததை எடுத்து நீட்டினான். முகத்தில் அவ்வளவு பரிவு. "மேடு ஏறயில வண்டி ரொம்பத் திணறுச்சுண்ணே. பாவம், மூச்சு முட்டுதேன்னு நாந்தான் கழட்டி விட்டேன்."

தரகர் ரத்தினம்

பட்டாளத்திலிருந்து திரும்பிய கருப்பையா, சேர்த்து வைத்ததையெல்லாம் போட்டு ஒரு கார் வாங்கி டாக்சி ஓட்டுவதாக இருந்தார். கார் தரகர் ரத்தினம் ஒரு வண்டியோடு அவரை எங்களிடம் கூட்டி வந்தார். எஞ்சின் சத்தமே இல்லாமல் ஓடியது. எனக்கென்னவோ அந்த அமைதி பிடிக்கவில்லை. எண்ணெயைத் தொட்டுப் பார்த்தேன். புத்தம் புது எண்ணெய், பாகு மாதிரி கெட்டி. தேய்ந்த எஞ்சின் தட்டுகிற சத்தத்தை அமுக்க இப்படி ஊற்றுவது உண்டு. ஃபில்டரைக் கழற்றப் போனேன். "எண்ணெய்தான் மாத்தியாச்சே, அது எதுக்கு?" என்றார் ரத்தினம். எண்ணெயை மாற்றியவர்கள் ஃபில்டரை மாற்றவில்லை. கிழித்தேன். தட்டு முழுக்கச் செம்பு நிறத்தில் பொடி.

ரத்தினம்தான் எங்களுக்குப் பாதி வேலை கொண்டுவருகிறவர். நான் சுப்பையா அண்ணனைப் பார்த்தேன். அவர் தட்டை வாங்கிக் கருப்பையாவின் கையிலேயே கொடுத்துவிட்டார். உள்ளே தேய்ந்துபோன எஞ்சின் இது என்று நான் சொன்னேன். ரத்தினம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இனி இந்தப் பக்கம் வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். சுப்பையா அண்ணன் தன்பாட்டுக்கு அடுத்த வண்டியின் பானெட்டைத் திறந்தார். அந்த மனுஷனை இன்றைக்கும் நான் கும்பிடுகிறேன்.

கொஞ்ச நாள் கழித்து ரத்தினமே வேறொரு காரோடு வந்தார், அதே கருப்பையாவை உட்கார வைத்துக்கொண்டு. நான் பார்த்து நல்ல வண்டி என்றேன். கருப்பையா அதை வாங்கி, பஸ் ஸ்டாண்டில் வெகுகாலம் டாக்சியாக ஓட்டினார். அதற்குப் பிறகு யாரைக் கூட்டி வந்தாலும் ரத்தினம் வாசலிலேயே சொல்லிவிடுவார்: "இவரு கிழிச்சுப் பாத்துச் சொன்னா வாங்குங்க. நான் சொல்றத நம்பாதீங்க, நான் தரகன்."

வீட்டிலும் ஒரு ஃபில்டர்

தொழில் புத்தி வீடு வரை வந்துவிடும். ஒரு நாள் காலையில் காப்பி ஃபில்டரின் மேல் டப்பாவைத் திறந்து, அடியில் தங்கிய சக்கையை விரலால் பரப்பி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கே தெரியாமல்தான். என் மனைவி செல்லம்மாள் டம்ளரை நங்கென்று வைத்தாள். "எஞ்சினு நல்லாத்தான் இருக்கு, குடிச்சிட்டுக் கெளம்புங்க."

டாக்டரம்மாவின் கார்

ஊரில் பிரசவம் பார்க்கிற டாக்டரம்மா ஒருவர் இருந்தார். ஒரு நாள் முற்பகலில் அவர் கார் பட்டறை வாசலில் வந்து நின்றது. எண்ணெய் அழுத்தம் காட்டுகிற முள் இறங்கிக்கொண்டே போகிறதாம். "கொஞ்சம் எண்ணெய் ஊத்துனாப் போதும், திருவரங்குளத்துக்கு அங்கிட்டு ஒரு கேஸு, அவசரம்" என்றார் டிரைவர். எண்ணெய் குறையவில்லை. எண்ணெய் இருந்தும் அழுத்தம் இறங்கினால் கோளாறு உள்ளே என்று அர்த்தம், அதனால்தான் பயந்தேன். குடுவையைத் திறந்தேன். கிழிக்கக்கூடத் தேவைப்படவில்லை, சுருள் முழுக்க வெள்ளி ஜரிகை மாதிரி துகள். எஞ்சினுக்குள் சுற்றுகிற தண்டைத் தாங்கும் பேரிங் உருகிக்கொண்டிருக்கிறது.

"அம்மா, இந்த வண்டி போய்ச் சேராது" என்றேன். "காலையிலகூட நல்லா ஓடுச்சேங்க!" என்று டிரைவர் சண்டைக்கு வந்தார். டாக்டரம்மா இறங்கி வந்து துகளைக் குனிந்து பார்த்தார். "பாதி வழியில நின்னுருமா?" "நின்னுரும்மா." டாக்டரம்மா உடனே மருந்துப் பையை எடுத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். கடலை மூட்டை ஏற்றிய லாரி ஒன்று பஞ்சர் ஒட்டி முடித்துப் புறப்பட நின்றது. அது போக வேண்டியது எதிர்த்திசையில். லாரி டிரைவர் பிச்சையிடம் நான் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னதும், "ஏறுங்கம்மா, கடலை எங்கயும் ஓடிப் போயிராது" என்று லாரியைத் திருப்பிவிட்டார்.

லாரி போன பிறகு எனக்கு ஒரே நினைப்புதான். நான் சொன்னது தப்பாகி, குலுங்குகிற லாரியில் போன நேரம் வீணாகி, அங்கே ஒரு உயிர் போயிருந்தால்? எஞ்சினின் அடிப்பாகத்தைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. பேரிங் அடையாளமே தெரியாமல் வழிந்து கிடந்தது. பொழுது சாயும் முன் லாரி திரும்பி வந்தது. டாக்டரம்மா புடவையெல்லாம் கடலைத் தூசியோடு இறங்கினார். "ரெண்டு உசிரும் நல்லா இருக்கு. பொம்பளப் புள்ள" என்று சொல்லிவிட்டு, பட்டறைக் குழாயிலேயே முகம் கழுவினார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

சில வாரம் கழித்து ஒருத்தர் பெரிய பலாப்பழத்தைத் தோளில் சுமந்து வந்து பட்டறையில் இறக்கினார். அந்தக் குழந்தையின் தகப்பனார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வண்டிய வேகமா ஓட்டி உசிரக் காப்பாத்துனவுகளப் பாத்திருக்கேன். நிப்பாட்டிக் காப்பாத்துன ஆள இப்பத்தாங்க பாக்குறேன்."

ஊரார் தூக்கி எறிகிற கசடைக் கிளறியே சோறு தின்ற எனக்கு இத்தனை நல்ல மனுஷர்கள் வாய்த்தார்கள் என்றால், குப்பையைக் கிளறுவது அப்படியொன்றும் மட்டமான உத்தியோகம் இல்லைதான்.