மருமகள் எழுதிய மறுப்பு

சென்ற வாரம் ஒரு மாலை எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. நானும் அப்பாவும் கடையில் ரொட்டி சானாய் வாங்கி வந்து, சத்தம் போடாமல் சாப்பிட்டோம். காரணம் — கமலாவின் அசைன்மெண்ட் திரும்பி வந்துவிட்டது.

கமலா என் மனைவி. கோலசிலாங்கூரில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. பல வருட அனுபவம். இப்போது அனுபவம் மட்டும் போதாதாம்... டிப்ளோமாவும் வேண்டுமாம். இந்த வருடத்துக்குள் முடிக்காவிட்டால், வகுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு உதவியாளராக நிற்க வேண்டியதுதான் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அதனால் ஐம்பதை நெருங்கும் வயதில் அவள் கல்லூரி மாணவி. வகுப்பெல்லாம் ஆன்லைனில்.

கொடுத்த வேலை இதுதான்: ஒரு பேராசிரியரின் கட்டுரையைப் படித்து விமர்சனம் எழுத வேண்டும். பிள்ளைகள் விளையாடும்போது ஆசிரியர் குறுக்கே போகக் கூடாது, சண்டை வந்தாலும் அவர்களே தீர்த்துக்கொள்வார்கள் என்பது பேராசிரியரின் கட்சி. கமலா மலாய் மொழியில் நான்கு பக்கம் எழுதினாள். நான்கு பக்கமும் பாராட்டு. அப்படியே விழா மலரில் போடலாம்.

விரிவுரையாளர் கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "அவர் சொல்வது புரிகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" திங்கட்கிழமைக்குள் திருத்தி அனுப்பாவிட்டால் அந்தப் பாடத்தை மறுபடி எடுக்க வேண்டும். எடுத்தால் டிப்ளோமா அடுத்த வருடத்துக்குப் போய்விடும். வகுப்பும் கைவிட்டுப் போய்விடும்.

அவர் சொல்வது உனக்குச் சரி என்று படுகிறதா என்று கேட்டேன். பாதி சரி என்றாள். மீதி?

"அவரு பாத்த கிளாஸ்ல கொஞ்சம் பிள்ளைங்க, ரெண்டு டீச்சர். என் கிளாஸ்ல நான் ஒருத்திதான். ஒருத்தன ஒருத்தன் கடிச்சு வச்ச பிறகு அவங்களே தீர்த்துக்கிட்டு என்ன லா பண்றது?"

இதையே எழுதேன் என்றேன்.

"பொஸ்தகம் எழுதின பெரிய மனுசருங்க. அவர போய் நான் எப்படி தப்புன்னு சொல்றது?"

கவனியுங்கள்... ஒவ்வொரு வாரமும் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தி அச்சுக்குப் போகும் முன் எங்கெங்கே தப்பு என்று எனக்குச் சொல்பவள் இவள்தான். நானும் எழுதுகிறவன்தானே? கூடவே இருப்பவனுக்கு அந்த மரியாதை கிடையாது போலும்.

சரி, உதவலாம் என்று நானே ஒரு பத்தி எழுதிக் கொடுத்தேன். 'இந்தப் பேராசிரியர் எந்த உலகத்தில் வாழ்கிறார்?' என்று ஆரம்பித்தேன். நல்ல சூடான ஆரம்பம் என்று எனக்கு ஒரு நினைப்பு. இது விமர்சனம் இல்லை, வம்பு என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பயந்துபோயிருந்தாள். எனக்குப் பார்க்கவே பாவமாக இருந்தது.

சனிக்கிழமை காலை அப்பா மோட்டார் சைக்கிள் சாவியைக் கையில் எடுத்தார். தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். பாசிர் பெனம்பாங்கிற்குப் போய் மீன் வாங்கி வருவது இன்னமும் தன் பொறுப்பு என்று நினைப்பவர். போன மாதம்தான் வெயிலில் தலைசுற்றி விழப் பார்த்தார். நான் சொன்னால் கேட்பாரா? சத்தம்தான் மிஞ்சும். கமலா சமையலறையிலிருந்து வந்தாள்.

"உங்கள மாதிரி மீன் பாத்து வாங்க இந்த வீட்ல யாருக்கு மாமா தெரியும்? ஆனா, போன மாசம் வெயில்ல தலை சுத்துச்சில்ல. என்ன மீனுன்னு சொல்லுங்க, இவங்க போயிட்டு வரட்டும்."

அப்பா கொஞ்சம் யோசித்தார். சாவியை என்னிடம் நீட்டினார். வாவல் வாங்கு, கண்ணைப் பார்த்து வாங்கு என்று கட்டளை வேறு.

பாதி வழியில்தான் எனக்குப் பொறி தட்டியது. பெரியவரின் பெருமையை முதலில் ஒப்புக்கொள்வது. அது எந்த இடத்தில் செல்லாது என்று ஆதாரத்தோடு சொல்வது. அப்புறம் ஒரு வழியும் காட்டுவது... விரிவுரையாளர் கேட்பது இதைத்தானே? கல்யாணமான நாளிலிருந்து இவள் செய்வதும் இதைத்தானே?

வீட்டுக்கு வந்து, பேராசிரியரை மாமனார் என்று நினைத்துக்கொண்டு எழுது என்றேன். முதலில் சிரித்தாள். பிறகு மீனைக் கழுவும் வேலையை என் தலையில் கட்டிவிட்டு லேப்டாப் முன் உட்கார்ந்தாள். பிள்ளைகள் மேல் பேராசிரியர் வைத்திருக்கும் நம்பிக்கை போற்றத்தக்கது, எனினும் ஓர் ஆசிரியர் மட்டுமே இருக்கும் வகுப்பில்... என்று ஆரம்பித்தது, கடகடவென்று போனது. மரியாதை எங்கும் குறையவில்லை. சொல்ல வந்ததை விட்டுக்கொடுக்கவும் இல்லை.

கல்லூரி எழுத்து என்றாலே ஏதோ வேற்றுலகப் பாஷை என்று நினைத்து மிரள்கிறோம். எதிர்த்துப் பேசாதே என்று வளர்க்கப்பட்டவர்களுக்கு மறுக்கத் தெரியாதா என்ன? கூட்டுக் குடும்பத்தில் குப்பை கொட்டுகிற எல்லாருக்கும் அது அத்துபடி. அதற்கு மார்க் உண்டு என்பதுதான் தெரியாது.

நேற்று முடிவு வந்தது. பாஸ். கமலா கண் கலங்கிவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாப்பிடும்போது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மாமனார் யோசனை உட்பட. அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

அப்பா சோற்றில் கையை வைத்தபடி மருமகளைப் பார்த்தார்.

"அப்போ, இத்தன வருசமா நீ என்னைய மறுத்துதான் பேசிக்கிட்டு இருந்தியாம்மா?"

"உங்களுக்குத் தெரியாததா மாமா... ஆனா மீனு ஆறிடும். சாப்பிடுங்க."

அப்பா சாப்பிட்டார்.