பூவாயி மதினியின் பஞ்சு அங்கி

ஷார்ஜாவில் குளிரே கிடையாது என்று ஊரில் அளப்பவனை ஜனவரியில் எங்கள் ரூமில் ஒரு வாரம் படுக்க வைக்க வேண்டும். ரோலாவில் பழைய கட்டடம், தரையெல்லாம் டைல்ஸ். ஏசி உண்டு, ஹீட்டர் மாஃபி. விடியற்காலையில் பாத்ரூம் போகிறவன் குதிகாலாலேயே நடப்பான். அந்த ரூமில் நான், சேதுமாதவன், ராக்கப்பண்ணன் என்று மூன்று பேர். மூவருக்கும் ஜப்பான் பழைய சாமான் வந்து இறங்கும் யார்டில்தான் டூட்டி.

ராக்கப்பண்ணனுக்கு ஐம்பத்துநாலு வயது, மானாமதுரைப் பக்கம். பதினேழு வருடமாகக் கன்டெய்னர் இறக்குகிறார். வருகிற சாமானில் பாதி, ஆள் செத்துக் காலியான வீடுகளிலிருந்து அள்ளியது. இழுப்பறைக்குள் மூக்குக்கண்ணாடி கிடக்கும், பல்செட் கிடக்கும். நாங்கள் குப்பையில் எறிவோம். அவர் மட்டும் துடைத்து ஓரமாக வைப்பார். "ஆளு தேடி வந்தா?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் தை மாதம் அவர் மனைவி பூவாயி மதினி மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அண்ணனின் விசா வேலை பாதியில் நின்றது, கிளம்ப நாலு நாள் ஆகும் என்றார்கள். அதுவரை வைத்திருக்க முடியாது என்று ஊரில் எடுத்துவிட்டார்கள். மகள் விஜி எல்லாவற்றையும் போனில் காட்டினாள். கோடித் துணி போர்த்தும் நேரத்தில் படம் அப்படியே நின்றுபோனது. திரையில் யாரோ ஒருவருடைய முழங்கை மட்டும் இருந்தது. அண்ணன் அழவில்லை. விசா கைக்கு வந்த பிறகும் ஊருக்குப் போகவில்லை. "மொகத்தப் பாக்காத சாவு எனக்குச் சாவு இல்ல" என்று சொல்லிவிட்டார்.

கார்த்திகையில் ஒரு கன்டெய்னரில் கொடாட்சு வந்தது. முழங்கால் உயரச் சதுர மேசை, அடியில் ஹீட்டர், நாலு பக்கமும் தரைவரை தொங்கும் பஞ்சு மெத்தை. ஜப்பான்காரர்கள் காலை அதற்குள் நீட்டிக்கொண்டு குளிர்காலத்தையே கழித்துவிடுவார்களாம். ஒரு கால் உடைந்திருந்ததால் முதலாளி அண்ணனிடமே கொடுத்துவிட்டார். கூடவே வீட்டில் உடுத்தும் பஞ்சு அங்கி இரண்டு, பெரியது ஒன்று, சின்னது ஒன்று. முதல் நாளே சேதுமாதவன் அந்த நூறு வோல்ட் ஹீட்டரை நேராக நம் இருநூற்றிருபது வோல்ட் பிளக்கில் சொருகினான். டப் என்று ஒரு சத்தம், கருகல் வாடை, கலாஸ்.

ஆனாலும் அண்ணன் தினமும் டூட்டி முடிந்து வந்து அதில் உட்கார்ந்தார். பெரிய அங்கியை வலப்பக்கம் மேலே வரும்படி சுற்றிக் கட்டிக்கொள்வார். "எதுலயும் வலதுதாண்டா முன்னால." சின்னதை எதிரே சுவரோடு சாய்த்து, இடப்பக்கம் மேலே வரும்படி கட்டி வைப்பார். பெண்களுக்கு இடப்பக்கம்தான் விசேஷமாம். அதன் முன்னால் ஒரு கிளாஸ் டீ.

"ஹீட்டருதான் போச்சே, எப்படிண்ணே குளிரல?"

"அவ காலு இருக்குல்ல."

சேதுமாதவன் அன்றே கட்டிலை ஜன்னலோரம் இழுத்துக்கொண்டான். நான் பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணன் குளிக்கப் போனபோது காலை உள்ளே விட்டுப் பார்த்தேன். அவர் உட்காரும் பக்கம் ஆறியிருந்தது. சின்ன அங்கி இருந்த பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. பஞ்சு சூட்டைப் பிடித்து வைக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

தை பிறந்ததும் விஜி எனக்குப் போன் செய்தாள். "அருள் சித்தப்பா, இருவதாந்தேதி அம்மாவுக்குத் தலைத்திவசம். அப்பா வரலேன்னா எனக்கு ரெண்டு பேருமே இல்லைன்னு நெனச்சுக்கிறேன்." அண்ணனிடம் சொன்னேன். "உசுரோட இருக்கவளுக்கு எதுக்குடா தெவசம்?" என்றார்.

அந்த வாரம்தான், ஜப்பானிலிருந்து சாமான் அனுப்பும் ஹயாஷி என்கிற கிழவர் யார்டுக்கு வந்தார். காலைக் குளிருக்கு அண்ணன் அங்கியோடேயே டூட்டிக்கு வந்திருந்தார். அவரைப் பார்த்ததும் கிழவர் நின்றுவிட்டார். கிட்டே வந்து, குனிந்து வணங்கி, அண்ணனின் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, இடப்பக்கத்தை மேலே போட்டுக் கட்டிவிட்டார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் விளக்கினார். வலப்பக்கம் மேலே வருவது பிணத்துக்கு மட்டும்தானாம். கடைசியாக உடுத்தி அனுப்பும்போதுதான் அப்படிக் கட்டுவார்களாம்.

"பொம்பளைக்கு?" என்று கேட்கச் சொன்னார் அண்ணன்.

எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் என்றார் கிழவர்.

அப்படியென்றால் இத்தனை நாளும் எங்கள் ரூமில் அண்ணன் பிணமாகவும் மதினி உயிரோடும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் அவர் டீ போடவில்லை. சின்ன அங்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தியா அருளு, அவ நல்லாத்தான் இருக்கா. நான்தான் போய்ச் சேந்துட்டேன்."

எனக்கு வந்ததே கோபம். "அங்க ஒரு பொண்ணு ஒத்தையில கெடந்து அழுகுதுண்ணே! செத்தது யாருன்னு அவகிட்ட சொல்லுங்க!" என்று கத்திவிட்டேன். கத்தியது தப்புதான்.

அவர் எழுந்து போய்ச் சின்ன அங்கியின் கயிற்றை அவிழ்த்தார். சுருக்கம் போக நீவினார். வலப்பக்கத்தை எடுத்து மேலே போட்டார். ஊரில் அவர் கையால் போட்டிருக்க வேண்டிய கோடி அது. கயிற்றைக் கட்டும்போது உடைந்து அழுதார், ஒரு வருடத்து அழுகை. சேதுமாதவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பிறகு தன் இடத்துக்கு வந்து காலை உள்ளே நீட்டினார்.

"குளுருதுடா அருளு" என்றார்.

நானும் காலை உள்ளே விட்டு, மதினியின் பக்கம்வரை நீட்டிப் பார்த்தேன். டைல்ஸ் சில்லென்று இருந்தது.

"விஜிக்குப் போன் போடு" என்றார் அண்ணன்.