இடது காலரும் வலது காலரும்

பல்செட் செய்கிறவர் என்பதால் அவருக்குப் பெயரே பல்செட்தான். ஊரார் வாய்க்குப் பல் கட்டிக் கொடுத்துப் பிழைத்த மனிதருக்குப் பிடித்த பைத்தியமோ வேறு: நூறு வருஷத்துக்கு முந்தைய ராணுவ மருத்துவப் படையின், கம்பைச் சுற்றிய பாம்பு போட்ட சின்னங்கள். தொப்பிச் சின்னம், தோள் சின்னம், ஸ்ட்ரெச்சர் தூக்கியவர்களின் கைப்பட்டை என்று எல்லாம் பட்டறையில், அரைகுறைப் பற்களுக்கு நடுவே, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தன.

"பாம்பும் கம்பும் இருந்தா போதும், இந்த மனுஷனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வார்.

அதில் அவர் கண்ணுக்குள் வைத்துக் காத்தது ஒரு காலர் சின்னம். காலரின் இரண்டு பக்கமும் குத்துகிற இவை ஜோடியாகத்தான் வரும். கம்பைச் சுற்றிய பாம்புகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். இவரிடம் இருந்தது இடது காலருக்கானது. வலது? இரண்டு தெரு தள்ளி, அதே பைத்தியம் பிடித்த வாட்ச் ரிப்பேர்காரரிடம். வேறு யாரிடமாவது இருந்திருந்தால் காலில் விழுந்தாவது வாங்கியிருப்பார். 'உன்னோடதைக் கொடு' என்று இவர் கேட்க, 'நீ உன்னோடதைக் கொடு' என்று அவர் கேட்க, வருஷக்கணக்காக இழுபறி. இதில் ஒருநாள்கூடப் பேச்சு நின்றதில்லை. தினமும் சாயங்காலம் டீக்கடையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சண்டை போடுவார்கள். கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. யார் முதலில் மண்டையைப் போடுகிறாரோ, அவருடைய பாம்பு மற்றவருக்கு.

வாட்ச்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். பல்செட் அடித்துப்பிடித்து ஓடினார். வழியெல்லாம் வலது பாம்பை நினைத்து மனசு ஒரு குதி குதித்ததை மறைப்பானேன்?

"டாக்டர் இனி பயமில்லைன்னுதான் சொல்றார் மாமா. அப்பாதான் போகப்போறோம்னு முடிவு பண்ணிட்டுப் படுத்துட்டார். ஒரு வாய்கூடச் சாப்பிட மாட்டேங்கறார்" என்றாள் வாட்ச்காரரின் மகள்.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர், திரும்பாமலே ஒரு பொட்டலத்தை நீட்டினார். "வச்சுக்கய்யா. சொன்ன வாக்கு."

சந்தோஷம் வரும் என்று பார்த்தால் பல்செட்டுக்கு அது வரவில்லை. இந்த ஆள் போய்விட்டால் நாளைக்கு யாரோடு சண்டை போடுவது? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பொட்டலத்தைப் பிரித்து, பையிலிருந்த லென்ஸைக் கண்ணில் வைத்துச் சின்னத்தைத் திருப்பிப் பார்த்தார். அச்சில் அடித்த அசலுக்கு முதுகு குழிந்திருக்கும். வார்த்தெடுத்த போலிக்கு முதுகு தட்டையாக, சொரசொரவென்று இருக்கும். இது அழகாகக் குழிந்திருந்தது.

"யோவ், இது டூப்ளிகேட்யா!" என்றார். "வார்த்தது. முதுகு சொரசொரன்னு இருக்கு. இத வச்சுக்கிட்டா இத்தனை வருஷமா ஆடின?"

தலை வெடுக்கென்று திரும்பியது.

"எதுய்யா டூப்ளிகேட்? பல்லு கட்டற உனக்கு என்ன தெரியும்? ஏம்மா, என் கண்ணாடிய எடு! கட்டில நிமித்து!" சின்னத்தைப் பிடுங்கிக்கொண்டார். "நான் வீட்டுக்கு வரேன், ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துடலாம். அதுவரைக்கும் இதுமேல கைய வைக்காத. பசிக்குதும்மா, ஏதாவது கொண்டா!"

வராந்தாவுக்கு வந்து முகத்தைத் துடைத்துக்கொண்ட பல்செட்டின் பின்னாலேயே மகள் ஓடி வந்தாள்.

"மாமா, அது நெஜமாவே போலியா?"

"சுத்தமான அசல்மா. அவன்கிட்ட மட்டும் சொல்லிடாத, மறுபடியும் படுத்துக்குவான்."